லைட் டிரக் சேஸிஸ்ல கேம்பர் பாடி: சப்ஃப்ரேமை எப்படி உட்கார வைக்கிறது?

#1 · மேடுபள்ளம்

வணக்கம். ஃபோர் வீல் டிரைவ் லைட் டிரக், கேபினோட வெறும் சேஸிஸ். அதுமேல நாலு பேர் தங்கிப் பயணம் போற வீட்டுப்பெட்டி, அதாவது கேம்பர், கட்டணும். தார் ரோட்டுக்கு மட்டும் இல்ல. காட்டுத்தடம், ஆத்து மணல், மலைமேல எஸ்டேட் பாதை எல்லாம் போகணும்.

வீல்பேஸ் 3400 மி.மீ. அனுமதிச்ச மொத்த எடை 5200 கிலோ. டீசல் ரொப்பி எடை மேடையில ஏத்தினா 2250 கிலோ. ரெயில், அதாவது சேஸிஸோட நீளவாட்டு ரெண்டு உத்திரம், சி-சேனல், 180×60×5. ரெண்டு ரெயிலுக்கும் நடுவுல 750. பாடி 4 மீட்டர் நீளம், 2 அகலம், 2 உயரம். முன் ஆக்சிலுக்கு 650 பின்னாடி பாடி ஆரம்பிக்கும்.

லோடு பாடி கட்டுற பட்டறையில சொன்ன திட்டம்: 40×40×2 எம்எஸ் (சாதா இரும்பு) டியூப் கூண்டு, வெளிய 1.2 மி.மீ ஜிஐ ஷீட், உள்ள ப்ளைவுட், அடியில 100×50 பாக்ஸ் டியூப் சப்ஃப்ரேம் (பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல வர்ற சட்டம்), சேஸிஸோட சேர்த்து அஞ்சு ஜோடி யூ கிளாம்ப் இறுக்கிடலாம்னு. இது போதுமா?

#2 · பட்டறைவாசி

போதாதுங்க. லோடு பாடிக்கு அது சரி, உங்க வேலைக்கு ஆகாது.

நாமக்கல் பக்கம் லாரிக்கு மரத்துல பாடி கட்டுறாங்க பாருங்க, குழியில இறங்கி ஏறும்போது கிறீச் கிறீச்னு சத்தம் போடும். சேஸிஸ் முறுக்கிக்கிறதுக்கு மரம் வளைஞ்சு குடுக்குது, பலகைக்குப் பலகை நகருது, அந்தச் சத்தம்தான் அது. நீங்க கட்டப்போறது ஆறு பக்கமும் மூடின பெட்டி. அது வளைஞ்சு குடுக்காது. சேஸிஸ் வளைஞ்சே தீரும். ரெண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கினா ஏதாவது ஒண்ணு பொளந்துக்கும்.

#3 · அச்சாணி

பட்டறைவாசி சொன்னதைக் கணக்கில் காட்டுகிறேன்.

180×60×5 திறந்த சி-சேனலுக்கு முறுக்கு மாறிலி (முறுக்கை எதிர்க்கும் திறனின் அளவு) சுமார் 12,000 (மி.மீ.யின் நான்காம் அடுக்கில்). அதே உயரம், அதே அகலம், அதே தகடு, ஆனால் நான்கு பக்கமும் மூடிய பாக்ஸ் என்றால் சுமார் 40 லட்சம். கிட்டத்தட்ட 330 மடங்கு. ரெயிலைத் திறந்த சேனலாக வைத்திருப்பது காசு மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. குழியில் ஒரு சக்கரம் இறங்கும்போது சேஸிஸே முறுக்கிக் கொடுத்து நான்கு சக்கரத்தையும் தரையில் வைக்கிறது. லீஃப் ஸ்பிரிங் செய்யும் வேலையில் ஒரு பங்கை ரெயில் செய்கிறது.

அதன்மேல் பாக்ஸ் சப்ஃப்ரேமும் அதோடு ஒட்டிய பெட்டியும் இறுக்கமாக உட்கார்ந்தால், பெட்டி இருக்கும் நீளம் முழுக்க முறுக்கிக்கொள்ளாது. மொத்த முறுக்கும் கேபினுக்கும் பெட்டிக்கும் இடையில் இருக்கும் ஓரடி நீளத்துக்கு வந்து சேரும். விரிசல் அங்கேதான் விடும்: சப்ஃப்ரேமின் முன்முனை ரெயிலைத் தொடுகிற இடத்தில், மேல் ஃப்ளாஞ்சில் (சி-சேனலின் படுக்கை விளிம்பில்). முதலில் பெயின்ட் முடி அளவுக்கு வெடிக்கும், அதில் துரு கசியும். அதைப் பார்த்ததும் தகடு வைத்து வெல்டிங் அடிப்பார்கள். அடுத்த விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தில் வரும்.

எந்த மவுண்ட் (பெட்டியைச் சேஸிஸோடு பிணைக்கும் அமைப்பு) போட்டாலும் மாறாத விஷயங்கள் சில. ஃப்ளாஞ்சில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. வெப்பில் (செங்குத்துத் தகட்டில்), கூடுமானவரை கம்பெனி விட்டிருக்கும் துளைகளில்தான் பிராக்கெட் மாட்ட வேண்டும். ரெயிலில் வெல்டிங் படவே கூடாது, சூடு பட்ட ஓரம் பலமிழக்கும். சப்ஃப்ரேமில் வெல்ட் செய்யும்போதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டரைப் பிடுங்கி, எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் துண்டிலேயே மாட்டுங்கள். சப்ஃப்ரேமின் முன்முனையைச் செங்குத்தாக வெட்டாமல் 200 மி.மீ நீளத்துக்குச் சரிவாக மேல்நோக்கி வெட்டி விடுங்கள்.

யூ கிளாம்ப் வேறு ஒரு கேடு செய்யும். இறுக்க இறுக்க ஃப்ளாஞ்ச் உள்ளே மடங்கும். அது மடங்காமல் இருக்கச் சேனலுக்குள் மரக்கட்டை செருகுவார்கள். நாளாக நாளாகக் கட்டை சுருங்கும், கிளாம்ப் தளரும். சைலன்சர் பக்கத்தில் இருந்தால் கட்டை கருகும்.

#4 · மேடுபள்ளம்

புரிஞ்சுது. அப்ப எவ்வளவு முறுக்கிக்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கம்பெனி புத்தகத்துல அந்த அளவு இல்ல.

#5 · அச்சாணி

அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அரை நாள் வேலை.

வெறும் சேஸிஸ் எடை குறைவு, அதனால் முழுசாக முறுக்கிக்கொள்ளாது. ரெயில்மேல் குறுக்காகப் பலகை போட்டு (கட்டக் கூடாது, சும்மா கிடக்கட்டும்) 50 கிலோ எம்-சாண்ட் மூட்டை 36 அடுக்குங்கள், 1800 கிலோ ஆச்சு. பெட்டியின் முன்முனை வரும் இடத்தில் ஒரு நேரான பட்டையை இரண்டு ரெயில்மேலும் குறுக்காக வைத்து கிளாம்ப் பண்ணுங்கள். பின்முனையில் இன்னொன்று. இரண்டிலும் காந்தம் வைத்த டிஜிட்டல் ஆங்கிள் கேஜை ஒட்டி, சமதளத்தில் இரண்டும் பூஜ்யம் காட்ட வையுங்கள்.

பிறகு முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் 250 மி.மீ உயரக் கட்டைமேல் ஏற்றுங்கள். ஜாக்கியில் தூக்கி விட்டு அளக்காதீர்கள். அகலமான கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கு நெடுக்காக அடுக்கி, மற்ற சக்கரங்களுக்கு அடைப்பு வைத்து, வண்டிக்கு அடியில் யாரும் போகாமல் பாருங்கள். இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் முறுக்கு. அப்படியே மாற்றி முன் வலது, பின் இடது. இரண்டு பக்கமும் ஒரே எண் வராது. டீசல் டேங்க் பிராக்கெட், ஏர் டேங்க் எல்லாம் ஒரு பக்கமாக இருக்கும்.

750 இடைவெளிக்கு ஒரு டிகிரிக்கு 13 மி.மீ. 2 டிகிரி என்றால் ஒரு ரெயில் பெட்டியிலிருந்து 26 மி.மீ விலகும். 3 டிகிரி என்றால் 39. இந்த எண் கைக்கு வராமல் மவுண்ட் பற்றி வாதம் பண்ணிப் பயனில்லை.

#6 · ஈஎன்8

என்னைக் கேட்டா அளவே வேண்டாம், நேரா மூணு புள்ளி பிவட்டுக்கு (சுழலும் தாங்கல்) போயிடுங்க. பின்னாடி ரெண்டு, முன்னாடி நடுவுல ஒண்ணு. சேஸிஸ் என்ன ஆட்டம் போட்டாலும் பெட்டிக்கு அது தெரியாது. ஜன்னல் கண்ணாடி, கதவு, மூலை எல்லாம் நிம்மதியா இருக்கும்.

முன் பிவட்டுக்கு ஈஎன்8 எஃகு ராட்ல 45 மி.மீ பின் (அச்சுத்தண்டு) கடைஞ்சுக்கலாம். புஷ்ஷுக்கு லீஃப் ஸ்பிரிங் ஐ புஷ்ஷே போதும், எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலயும் கிடைக்கும். கிரீஸ் நிப்பிள் ஒண்ணு மறக்காம போடுங்க. பிவட்டோட அச்சு வண்டி நீளத்துக்கு ஒத்து இருக்கணும். கொஞ்சம் சாய்ஞ்சாலும் புஷ் ஒரு பக்கமா தின்னும்.

#7 · பட்டறைவாசி

அண்ணே, யூனிமாக் (கரடுமுரடு நிலத்துக்குன்னே செஞ்ச மெர்சிடிஸ் டிரக்) மாதிரி வண்டிக்கு அது சரி. அதுல நாலு புள்ளி வைரவடிவம், முன்ன ஒரு பிவட், பின்ன ஒரு பிவட், நடுவுல ரெண்டு பக்கமும் தாங்கல். அந்த சேஸிஸை அப்படி நினைச்சே செஞ்சிருக்கான். நம்ம லைட் டிரக் ரெயில் 5 மி.மீ தகடு. லோடு நீளம் பூரா பரவி உட்காரும்னு கணக்குப் பண்ணி அடிச்சது. அதுல 1800 கிலோவை மூணே இடத்துல இறக்கினா ரெயில் வெப் அந்த இடத்துல பிதுங்கும். முன் பிவட் நிக்கிறதுக்கு கிராஸ் மெம்பர் ஒண்ணு புதுசா வேணும். அதுக்கு வெப்ல உள்பக்கம் தகடு, அதுக்கு போல்ட். அந்தப் பக்கமே 60, 70 கிலோ கூடிடும்.

#8 · ஈஎன்8

அந்த 60 கிலோவை ஒத்துக்கிறேன். ஆனா இன்னொரு வழியான ஸ்பிரிங் மவுண்ட் (பெட்டியோட முன்பக்கத்தை ஸ்பிரிங் வச்ச போல்ட்டால பிடிக்கிறது) போட்டவங்க வண்டியில ரெண்டு வருஷம் கழிச்சுப் பாருங்க. போல்ட்டை ‘ஆடுதே’ன்னு யாரோ ஒரு மெக்கானிக் ஸ்பிரிங் அடங்குற அளவுக்கு இறுக்கி விட்டிருப்பான். அப்புறம் அது ஸ்பிரிங் மவுண்ட் இல்ல, வெறும் போல்ட். பிவட்டை யாராலயும் அப்படிக் கெடுக்க முடியாது.

#9 · அச்சாணி

நியாயமான பயம். டபுள் நட் போட்டு, சரியான இடத்தில் மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்து, பக்கத்திலேயே ‘இறுக்காதே’ என்று தகட்டில் பொறித்து விட வேண்டும். சிரிப்பதற்கில்லை, அதுவும் வேலையில் ஒரு பகுதி.

என் கணக்கு இப்படி: பெட்டி நீளத்தில் முறுக்கு 3 டிகிரிக்குள் என்றால் ஸ்பிரிங், 3-ஐத் தாண்டினால் பிவட். ஸ்பிரிங் மவுண்ட் என்றால் அமைப்பு இது:

பின் ஆக்சிலைச் சுற்றியும் அதற்குப் பின்னாலும் ஒரு பக்கத்துக்கு இரண்டு பிராக்கெட் இறுக்கமாக. 8 மி.மீ தகடு, ஒவ்வொன்றிலும் வெப்பில் நான்கு எம்14, கிரேடு 10.9. பிரேக் அடிக்கும்போது பெட்டி முன்னால் பாயாமல் பிடிப்பது இவைதான். 0.8 ஜி பிரேக்கில் 1800 கிலோவுக்கு 1440 கிலோ தள்ளுவிசை வரும் என்பதை மனசில் வையுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு ஸ்பிரிங் பிராக்கெட். சப்ஃப்ரேம் பிராக்கெட் மேலே, சேஸிஸ் பிராக்கெட் கீழே, இரண்டையும் துளைத்து எம்16 போல்ட். ஸ்பிரிங் சேஸிஸ் பிராக்கெட்டுக்கு அடியில், நட்டுக்கு மேல். சப்ஃப்ரேம் எழும்பினால் போல்ட் மேலே இழுபடும், ஸ்பிரிங் அமுங்கும். சேஸிஸ் பிராக்கெட்டின் படுக்கைத் தகடு ரெயில் மேல்விளிம்பை ஒட்டி இருக்கட்டும், செங்குத்துத் தகடு வெப்பில் இறங்கட்டும். அப்போதுதான் ஸ்பிரிங் ரெயிலின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கிக் கல்லில் மாட்டாது.

ஸ்பிரிங்: குரோம் வனேடியம், கம்பி 10 மி.மீ, வெளிவிட்டம் 60, வேலை செய்யும் சுற்று 7, தனி நீளம் 140. இதன் விறைப்பு மி.மீ.க்கு சுமார் 11.5 கிலோ. 10 மி.மீ அமுக்கி மாட்டினால் ஆரம்பப் பிடிப்பு 115 கிலோ.

பக்கவாட்டு அசைவை ஸ்பிரிங் தாங்காது. ரெயிலின் வெளிப்பக்கம் நான்கு இடத்தில் 8 மி.மீ வழிகாட்டித் தகடு, உள்முகத்தில் 10 மி.மீ நைலான் பட்டை, இடைவெளி 1 மி.மீ. தகடு எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்றால், பெட்டி முழுசாக எழும்பிய நிலையிலும் குறைந்தது 40 மி.மீ ரெயிலைத் தழுவியிருக்கிற அளவுக்கு.

#10 · மேடுபள்ளம்

சப்ஃப்ரேமுக்கும் ரெயிலுக்கும் நடுவுல கன்வேயர் பெல்ட் துண்டு போடச் சொல்றாங்களே?

#11 · பட்டறைவாசி

வேண்டாங்க. பெல்ட்டுக்குள்ள இருக்குற துணி தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும், ரெயில் மேல்மட்டம் அங்கயே துரு ஏறும். அதைக் கழட்டிப் பார்க்கவும் முடியாது. நைலான் பட்டை 10 மி.மீ போடுங்க, சப்ஃப்ரேம் பக்கம் மட்டும் கவுண்டர்சங்க் ஸ்க்ரூ, தலை 4 மி.மீ உள்ள இறங்கி இருக்கணும். ரப்பர் மவுண்டே போதும்னும் சொல்லுவாங்க. 10 மி.மீ ரப்பர் அமுங்கி மீளுறது ரெண்டு மூணு மி.மீ. உங்களுக்கு வேண்டியது முப்பது.

#12 · எடைமேடை

மவுண்ட் சண்டை நடக்கட்டும். #1-ல் உள்ள பெட்டியின் எடையை யாரும் பார்க்கவில்லை.

4×2×2 பெட்டியின் மொத்தப் பரப்பு 40 சதுர மீட்டர். எம்எஸ் டியூப் 40×40×2 மீட்டருக்கு 2.4 கிலோ. கூண்டுக்கு 80 மீட்டராவது ஆகும், 190 கிலோ. 1.2 ஷீட் சதுர மீட்டருக்கு 9.4 கிலோ, தரை நீங்கலாக 32 சதுர மீட்டர், 300 கிலோ. உள்ளே 6 மி.மீ ப்ளைவுட் 160 கிலோ. தரைக்குத் தனியாக 12 மி.மீ. ஆக வெறும் கூடே 700-ஐத் தொடும். இதில் வெயில் தாங்க எதுவும் இன்னும் வரவில்லை.

2 மி.மீ எஃப்ஆர்பி (கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்) தோல், நடுவில் 50 மி.மீ நுரை வைத்த சாண்ட்விச் பேனல் என்றால் சதுர மீட்டருக்கு 9.5 கிலோ. மொத்தப் பெட்டியும் 380 கிலோ. வெப்பத்தடுப்பும் இதிலேயே அடக்கம். ஐஸ்கிரீம், மீன் வண்டிக்குப் பாடி கட்டுகிறவர்கள் இந்தப் பேனலைத்தான் ஒட்டுகிறார்கள். அவர்களிடம் அளவு கொடுத்தே வாங்கலாம்.

காட்டுத்தடத்துக்குப் போகிற வண்டியை மொத்த எடையில் 85 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். 5200-க்கு 4420. சேஸிஸ் 2250 போனால் கையில் 2170. சப்ஃப்ரேம் பிராக்கெட்டோடு 160, பெட்டி 380, கதவு ஜன்னல் 90, மரச்சாமான் 220, தண்ணீர் 150 லிட்டர் டேங்கோடு 170, லித்தியம் பேட்டரி இரண்டு 50, சோலார் 44, ஏசி 35, ஃப்ரிட்ஜ் 30, அடுப்பு கேஸ் 25, ஸ்டெப்னி 45, மண்வெட்டி கயிறு வின்ச் சாமான் 100, ஆட்கள் 300, அவர்கள் மூட்டை 200. கூட்டினால் 1849. மிச்சம் 321 கிலோ. டியூப் கூண்டு கட்டினால் இந்த மிச்சம் அப்போதே காலி.

எங்கே வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். 150 கிலோ தண்ணீரைப் பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் வைத்தால் பின் ஆக்சிலில் 194 கிலோ ஏறும், முன்னால் 44 கிலோ குறையும். பின்கதவில் 150 கிலோ பைக்கை ஆக்சிலிலிருந்து 1.9 மீட்டர் தள்ளி மாட்டினால் முன்னால் இன்னும் 84 குறையும். ஈர மண் ஏற்றத்தில் ஸ்டியரிங் கேட்காமல் போவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தண்ணீர் டேங்க் ரெயில்களுக்கு நடுவில், பின் ஆக்சிலுக்கு முன்னால். பேட்டரியும் அங்கேயே. பெட்டியின் நடுமையம் பின் ஆக்சிலுக்கு 750 முன்னால் வருவதால் பெட்டி எடையில் 78 சதவீதம் பின்னால் போகிறது. அதை இன்னும் மோசமாக்காதீர்கள்.

கூரைமேல் சாமான் கேரியர் வேண்டவே வேண்டாம். டயர் தடத்தின் பாதி 700, புவியீர்ப்பு மையம் 1300 உயரத்தில் என்றால் கணக்குப்படி 28 டிகிரி சாய்வில் வண்டி கவிழும் எல்லை. மையம் 1500-க்கு ஏறினால் 25. இது ஸ்பிரிங் சாயாத வண்டிக்கான எண். நிஜ வண்டி அதற்கு முன்பே போய்விடும்.

#13 · சிலிக்கான்_வேண்டாம்

பேனல் என்று முடிவானால் ஒட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். பாதிப் பெட்டிகள் கெடுவது மவுண்ட்டில் இல்லை, ஒட்டில்.

எஃப்ஆர்பி பளபளப்பாக இருந்தால் பியு (பாலியூரித்தேன்) பசை பிடிக்காது. ஒட்டும் பட்டையை 80 நம்பர் தாளில் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரே திசையில் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றி, பசைக் கம்பெனி சொல்லும் பிரைமர் போட்டு, அது காய்ந்த பிறகுதான் பசை. பசைப்படலம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதற்கு 3 மி.மீ ரப்பர் துண்டுகளை இடையிடையே வைத்து அமுக்க வேண்டும். நன்றாகப் பிடிக்கட்டும் என்று கிளாம்பை முறுக்கிப் பசையெல்லாம் வெளியே பிதுக்கி விடுகிறவர்கள்தான் அதிகம். மெல்லிய படலம் இழுவைக்குக் கொடுக்காது, கிழியும்.

மூன்று மி.மீ எதற்கு என்றால்: 4 மீட்டர் அலுமினிய மூலைப்பட்டையும் 4 மீட்டர் இரும்பு சப்ஃப்ரேமும் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஒன்றுக்கொன்று 1.8 மி.மீ நீளம் மாறும். ரிவெட் அடித்திருந்தால் ஒவ்வொரு மதியமும் ரிவெட் துளை கொஞ்சம் நீளும். தடித்த பசை அதை விழுங்கிக்கொள்ளும். ஒற்றைப் பாகப் பியு காற்றின் ஈரத்தில்தான் இறுகும், ஒரு நாளைக்கு 3 அல்லது 4 மி.மீ ஆழம். அகலமான ஒட்டுக்கு ஒரு வாரம் விடுங்கள். மறுநாளே வண்டியை எடுக்காதீர்கள்.

சிலிக்கான் டியூப் பட்டறைக்குள்ளேயே வரக் கூடாது. அது பட்ட இடத்தில் பெயின்ட்டும் பிடிக்காது, அப்புறம் பியுவும் பிடிக்காது.

ஜன்னலுக்கு வெட்டும்போது மூலை செங்கோணமாக இருக்கக் கூடாது, குறைந்தது 60 மி.மீ ஆரம். முதலில் மூலையில் ஹோல் சா, பிறகு நேர்வெட்டு. வெட்டிய ஓரத்தில் நுரை திறந்தே இருந்தால் நீர் இறங்கும். ரெசின் பூசி மூடுங்கள். அலுமினிய மூலைப்பட்டை உள்ளிருந்து வெளிக்கு ஒரே துண்டாகப் போனால் ஊட்டி மாதிரி இடத்தில் காலையில் அதன் வழியே சொட்டும். உள்பட்டை வேறு, வெளிப்பட்டை வேறாக இருக்கட்டும்.

#14 · பட்டறைவாசி

இன்னொண்ணு. கேபின் முன்னாடி கவிழ்ற மாடலாங்க? அப்படின்னா கேபின் மேல படுக்கை நீட்டுற எண்ணம் இருந்தா இப்பவே விட்ருங்க. கீல் முன்னாடி அடியில இருக்கு. கவிழ்க்கும்போது கேபினோட பின்மேல் மூலை வட்டமடிச்சு மேல எழும்பும். கீலுலருந்து 1500 பின்ன, 1500 மேல அந்த மூலை இருந்தா, 600 மி.மீ.க்கு மேல ஏறும். மேல படுக்கை இருந்தா கிளட்ச் பார்க்கக்கூடப் பாடியை இறக்கணும்.

கேபினுக்கும் பெட்டிக்கும் 75 மி.மீ.யாவது இடம் விடுங்க. உள்ளயே நுழைஞ்சு போற வழி வேணும்னா நடுவுல துருத்தி மாதிரி ரப்பர் பெல்லோஸ், அதுவும் கேபின் பக்கம் கொக்கியில கழட்டுற மாதிரி.

#15 · அச்சாணி

டயரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பின்னால் இரட்டைச் சக்கரம் கல்பாதையில் தொல்லை. இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கும், மணலில் முன் தடமும் பின் தடமும் ஒத்துப்போகாது. ஒற்றைச் சக்கரத்துக்கு மாற்றினால் டயரின் லோடு இண்டெக்ஸைப் (தாங்கும் எடையின் குறி எண்) பாருங்கள். பின் ஆக்சிலில் 3200 கிலோ என்றால் ஒரு டயர் 1600 தாங்க வேண்டும், அதாவது 124. அதற்குக் குறைந்த டயரைக் காற்று கூட அடித்துச் சமாளிக்க முடியாது. ரிம் ஆஃப்செட்டும் தப்பாகப் போனால் வெளி பேரிங்தான் தேயும்.

#16 · பியூஸ்கட்டை

மின்சாரம் பத்தி ரெண்டு வரி. 12 வோல்ட்ல 2000 வாட் இன்வெர்ட்டர் முழுசா ஓடினா 185 ஆம்பியர் இழுக்கும். 70 சதுர மி.மீ கேபிள், நீளம் 2 மீட்டருக்குள்ள. ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவ்லருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும், இன்வெர்ட்டர் பக்கத்துல இல்ல. லித்தியம் ஷார்ட் ஆனா வர்ற கரண்ட்ல சாதா கார் ஆடியோ ஃப்யூஸ் அறுந்த பின்னயும் பொறி தாண்டி எரியும், கிளாஸ்-டி (Class T) ஃப்யூஸ் போடுங்க.

200 ஆம்பியர் மணி லித்தியம் ஒண்ணு 2.56 யூனிட். சின்ன ஏசி சராசரி 650 வாட் எடுத்தா மூணரை மணி நேரம். ராத்திரி பூரா ஏசி வேணும்னா ரெண்டு பேட்டரியும் பத்தும் பத்தாததுதான். ஆல்டர்னேட்டர்லருந்து நேரா லித்தியத்துக்குக் கம்பி இழுக்காதீங்க, டிசி-டிசி சார்ஜர் வழியா போங்க. லித்தியம் எவ்வளவு குடுத்தாலும் குடிக்கும், ஆல்டர்னேட்டர் கருகும்.

அப்புறம் முக்கியமா, பெட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல போற ஒவ்வொரு வயருக்கும் குழாய்க்கும் 100 மி.மீ தளர்வு விடுங்க. ஸ்பிரிங் மவுண்ட் 30 மி.மீ எழும்பும்னு இங்க பேசிட்டு வயரை இறுக்கிக் கட்டினா என்ன அர்த்தம். கேஸ் பெட்டிக்குக் காத்துத் துளை அடியில, தரையில. கேஸ் காத்தைவிடக் கனம்.

#17 · எடைமேடை

பதிவு விஷயம். வண்டி இன்னும் பதிவாகாத சேஸிஸ் என்றால் வழி நேர்: சேஸிஸ் கம்பெனி படிவம் 22ஏ-யின் முதல் பகுதியைக் கொடுக்கும், பாடி கட்டுகிறவர் இரண்டாம் பகுதியில் கையெழுத்திட வேண்டும். மோட்டார் கேரவனுக்கான தரம் ஏஐஎஸ்-124. கட்டுவதற்கு முன்பே வரைபடத்தை ஒரகடம் ஜிஏஆர்சி போன்ற சோதனை மையத்தில் காட்டிப் பேசிவிடுவது நல்லது. கட்டிய பிறகு சீட் பெல்ட் நங்கூரத்துக்காகத் தரையை அறுப்பது கொடுமை.

ஏற்கெனவே சரக்கு வண்டியாகப் பதிவானது என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 குறுக்கே நிற்கும். கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. ஆர்டிஓ-விடம் எழுத்தில் வாங்காமல் ஒரு போல்ட்டும் போடாதீர்கள். பின்தொங்கல் (பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீளும் பகுதி) வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு 2040 வரை இடம் உண்டு, 1250தான் வருகிறது, கவலை இல்லை. ஆனால் பைக் கேரியரையும் சேர்த்தே அளப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#18 · மேடுபள்ளம்

பதிவாகாத சேஸிஸ்தான், அதனால 22ஏ வழி. கேபின் கவிழ்ற மாடல், மேல் படுக்கையை எடுத்தாச்சு. பேனலுக்கே போறேன்.

மூட்டை அடுக்கி அளந்தாச்சு. முன் இடது, பின் வலது ஏத்தினா 2.1 டிகிரி. மாத்தி ஏத்தினா 2.4. அப்ப 31 மி.மீ. அச்சாணி அண்ணன் சொன்ன ஸ்பிரிங்கையே அடிக்கச் சொல்லலாமா?

#19 · ஈஎன்8

இருங்க. பிவட் கட்சிக்காரன் நானே சொல்றேன், 2.4-க்கு ஸ்பிரிங் போதும். ஆனா அந்த ஸ்பிரிங் பத்தாது. சுற்று 7, மூடின முனை ரெண்டு, ஆக 9 சுற்று, 10 மி.மீ கம்பி. கட்டையா (சுற்றோட சுற்று ஒட்டி) அமுங்கினா 90. தனி நீளம் 140, கையில இருக்கிறது 50 மி.மீ. ஆரம்ப அமுக்கம் 10, முறுக்கு 31, 41 ஆச்சு. அவர் அளக்கச் சொன்னது 250 மி.மீ கட்டையில. நிஜக் குழி அதைவிட ஆழமா இருக்கும். கால்வாசி சேர்த்தா 39, ஆரம்ப அமுக்கத்தோட 49. ஒரு மி.மீ.தான் மிச்சம், கொஞ்சம் கூடினாலும் கட்டை தட்டிடும். தட்டின நிமிஷம் அது இறுக்கின போல்ட்தான், விரிசல் அங்கிருந்தே ஆரம்பிக்கும்.

#20 · அச்சாணி

சரியான பிடி. என் அளவு 2 டிகிரிக்கானது, அவசரத்தில் எழுதிவிட்டேன்.

சுற்று 8 ஆக்குங்கள், தனி நீளம் 155. கட்டை நீளம் 100, ஓட்டம் 55. விறைப்பு மி.மீ.க்கு 10 கிலோவாகக் குறையும். ஆரம்ப அமுக்கம் 8, அதாவது 80 கிலோ. 8-ம் 39-ம் 47, இன்னும் 8 கையிருப்பு. போல்ட் எம்16, கிரேடு 8.8, நீளம் 220. மரை தேயாமல் இருக்க ஸ்பிரிங்குக்குள் 22 மி.மீ பைப் ஸ்லீவ் நுழைத்து விடலாம், ஆனால் ஸ்லீவ் நீளம் 95-க்குள் இருக்கட்டும், இல்லையென்றால் அதுவே கட்டை தட்டும்.

வழிகாட்டித் தகட்டையும் 39-க்கு ஏற்ப நீட்டுங்கள்: ரெயிலைத் தழுவும் நீளம் இறங்கிய நிலையில் 80.

#21 · பட்டறைவாசி

பாடி ஏத்தினதும், உள் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்ன அதே 250 கட்டையில திரும்ப ஏத்திப் பாருங்க. முன் பிராக்கெட் ரெண்டுலயும் களிமண் உருண்டை ஒட்டி வையுங்க, எவ்வளவு திறந்து மூடுச்சுன்னு அது காட்டிக் குடுக்கும். கதவு அந்த நிலையிலயே ஒரு விரல்ல திறந்து மூடணும். உரசினா பின் பிராக்கெட் நாலும் ஒரே மட்டத்துல இல்லைன்னு அர்த்தம். ஷிம் (மெல்லிய தகடு) வச்சு சரி பண்ணுங்க, கதவைச் சீவாதீங்க.

500 கி.மீ ஓடினதும் பின் பிராக்கெட் போல்ட் மட்டும் டார்க் (இறுக்கம்) பாருங்க. முன் ஸ்பிரிங் நட்டைத் தொடவேண்டாம், மஞ்சள் கோடு நேரா இருக்கான்னு பார்த்தாப் போதும்.

#22 · எடைமேடை

தண்ணீர் ரொப்பி, ஆட்களும் ஏறி, முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக மேடையில் ஏற்றி அந்த இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள். லீஃப் ஸ்பிரிங்கில் எத்தனை தகடு என்பதை அதைப் பார்த்த பிறகு பேசலாம்.